சதையி அழற்சியின் தீராத வலி: சத்திரசிகிச்சையைக் கடைசி வரை தள்ளிப்போட வேண்டுமா?

வயிற்று வலி என்றதும் எமது வீடுகளில் முதலில் வரும் சொல் "கேஸ்ட்ரைட்டிஸ்". நேரத்துக்குச் சாப்பிடவில்லை, காரம் கூடிவிட்டது, கடையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணமும் உடனே கிடைத்துவிடும். பாமசியில் ஓர் அட்டை ஒமிப்ரசோல் வாங்கினால் அலுவல் முடிந்தது. பெரும்பாலானோருக்கு இது சரியாகவும் இருக்கும். ஆனால் சிலருக்கு அந்த வலி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தொடரும். மேல் வயிற்றில் தொடங்கி நேரே முதுகுக்கு ஊடுருவும். சாப்பிட்ட பின் கூடும். முன்னால் குனிந்து, முழங்கால்களைக் கட்டிக்கொண்டு இருந்தால் சற்றுக் குறையும். சாப்பிட்டால் வலிக்கும் என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைப்பார்கள், உடல் மெலியும். மலம் எண்ணெய்ப் பசையுடன் வெளிறி மிதக்கும். குடும்பத்தில் யாருக்கும் இல்லாத சீனி வருத்தம் முப்பது வயதுக்குள் வந்து நிற்கும். இவை எல்லாம் ஒருவரிடம் சேர்ந்து காணப்பட்டால், பிரச்சினை இரைப்பையில் அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் சதையியில் இருக்கலாம்.

பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் சதையி என்று படித்ததைத்தான் இந்தியத் தமிழில் கணையம் என்கிறார்கள். அது மீண்டும் மீண்டும் அழற்சியடைந்து, மென்மையான திசு இறுகி, தழும்பாகி, சில வேளை கற்களும் படிந்துவிடும் நிலைதான் நாள்பட்ட சதையி அழற்சி. இந்த நோயில் மனிதனை உண்மையில் உடைப்பது அதன் வலி. தொழிலை இழந்தவர்கள், படிப்பை இடையில் விட்டவர்கள், வலி ஊசிக்கு அடிமையானவர்கள் இந்த நோயாளிகளிடையே ஏராளம். அந்த வலிக்குச் சத்திரசிகிச்சை என்ற ஒரு வழி உண்டு. அதை எப்போது, யாருக்கு, எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் இங்கு பேசப் போகிறோம். ஏனெனில் அதைக் கேள்விப்படும்போது பலருக்குக் காலம் கடந்திருக்கிறது.

குடிகாரர் நோயா இது?

அதற்கு முன் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். இந்த நோயின் பெயரை இணையத்தில் தேடினால் முதல் வரியிலேயே மதுபானம் என்று வரும். மேற்கு நாடுகளில் அது உண்மைதான், அங்கு முதன்மைக் காரணம் மதுவே. ஆனால் இந்த ஒரு வரி எமது சமூகத்தில் செய்யும் சேதம் கொஞ்சநஞ்சமல்ல. வாழ்நாளில் ஒரு துளி மதுவையும் தொடாத ஒருவரிடம் வார்டில் வைத்து "குடிப்பீர்களா?" என்று மூன்று முறை கேட்கிறார்கள். பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர் அதைக் கேட்டுவிடுகிறார். ஊருக்குள் கதை போகிறது. கலியாணப் பேச்சில் இருக்கும் பிள்ளை என்றால் சொல்லவே தேவையில்லை. இதற்குப் பயந்து நோயின் பெயரையே மறைக்கும் குடும்பங்கள் உண்டு, கிளினிக் போவதையே நிறுத்தும் குடும்பங்களும் உண்டு.

தென்னாசியாவில் இந்த நோய்க்கு வேறொரு முகம் இருக்கிறது. மதுவுக்குச் சம்பந்தமே இல்லாமல், சிறு வயதிலேயே தொடங்கி, சதையியின் கான் முழுவதும் பெரிய கற்கள் நிறையும் ஒரு வகை அது. வெப்பவலயச் சதையி அழற்சி என்று அதற்குப் பெயர். 1959இல் இந்தோனேசியாவில் சுய்டெமா என்ற வைத்தியர் போசாக்குக் குறைந்த மக்களிடையே இதை விவரித்தார். பிறகு கேரளாவில் கீவர்கீஸ் என்ற வைத்தியர் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பதிவு செய்தார். சிறுபராயத்தில் வயிற்று வலி, பருவ வயதில் நீரிழிவு, வாழ வேண்டிய வயதில் மரணம் என்பதே அன்று அவர் கண்ட போக்கு. மரவள்ளிக்கிழங்கில் உள்ள நஞ்சுதான் காரணம் என்று நீண்ட காலம் சந்தேகித்தார்கள். அது நிரூபிக்கப்படவில்லை. இன்று பரம்பரை அலகுகளின் பங்கு தெளிவாகியிருக்கிறது. சதையிக்குள் நொதியங்கள் நேரத்துக்கு முன் விழித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஸ்பிங்க்-1 என்ற பரம்பரை அலகில் ஏற்படும் மாற்றம் இந்த நோயாளிகள் பலரிடம் காணப்படுகிறது. இவை தவிர இரத்தத்தில் ட்ரைகிளிசரைட் கொழுப்பு மிகையாக இருப்பது, கல்சியம் கூடுவது, உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே சதையியைத் தாக்குவது என்று வேறு காரணங்களும் உண்டு.

ஆகவே குடித்தால்தான் இது வரும் என்பது பிழை. அதே நேரம் வைத்தியர் அந்தக் கேள்வியைக் கேட்பதும் பிழையல்ல. அது எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்வி, உண்மையைச் சொன்னால் போதும். எம்மிடையே குடிப்பவர்களே இல்லை என்று நடிப்பதிலும் பயனில்லை. அப்படி ஒருவர் இருந்தால் அவர் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லட்டும். அவருடைய வலியும் வலிதான், அவருக்கும் இதே சிகிச்சைதான். இன்னுமொன்று. குடிப்பதில்லை என்று மார்தட்டும் பலர் நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட்டை முடிக்கிறார்கள். புகைத்தல் மதுவைச் சாராமலே சதையியைக் கெடுக்கும், கற்கள் படிவதை வேகப்படுத்தும், சத்திரசிகிச்சையின் பலனையும் குறைக்கும். எமது சமூகத்தில் இந்த நோயைப் பற்றிப் பேசும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி சிகரெட் பற்றியதுதான் என்பது எனது கருத்து.

ஏன் இவ்வளவு வலி?

சதையி ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் நீளமான ஓர் உறுப்பு. அதன் தலைப்பகுதி முன்சிறுகுடலின் வளைவுக்குள் பொருந்தியிருக்கும், வால்பகுதி மண்ணீரலைத் தொடும். நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லீற்றர் வரை சமிபாட்டுச் சாறு சுரக்கும். அந்தச் சாறு முழுவதும் உறுப்பின் நடுவால் நீளத்துக்கு ஓடும் ஒரு மெல்லிய கான் வழியாகவே குடலுக்குச் செல்ல வேண்டும். ஆரோக்கியமானவரில் அந்தக் கானின் விட்டம் இரண்டு, மூன்று மில்லிமீற்றர்தான்.

வீதியோரத்தில் கொங்கிறீற் மூடி போட்ட கானை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் மண் அடைத்தால் என்ன நடக்கும்? பின்னால் தண்ணீர் தேங்கும், கான் வீங்கும், அழுத்தம் ஏறும். சதையியிலும் அதுவே. கல்லாலோ தழும்பாலோ கான் அடைபட, அதன் பின்பகுதி ஏழு, எட்டு, சில வேளை பத்து மில்லிமீற்றருக்கும் மேல் விரிகிறது. சாப்பிடும்போதெல்லாம் சாறு சுரக்கும், போக வழியில்லாததால் அழுத்தம் ஏறும், வலிக்கும்.

இது வலியின் ஒரு பாதிதான். மற்றப் பாதி நரம்புகளில் இருக்கிறது. சதையியின் தலைப்பகுதியில் நரம்புகள் செறிந்திருக்கின்றன. நீடித்த அழற்சியால் அவை தடித்து, உறை சிதைந்து, சிறிய தூண்டலுக்கும் வலியை அனுப்பத் தொடங்குகின்றன. இந்தச் செய்தி வருடக்கணக்கில் முள்ளந்தண்டு வழியாக மூளைக்குப் போய்க்கொண்டே இருந்தால், மூளையும் அந்த வலிக்குப் பழகி அதைத் தானே வைத்துக்கொள்கிறது. நெருப்பை அணைத்த பிறகும் அடுப்புக் கல் சுடுவதைப் போல. அந்தக் கட்டத்தில் கானைத் திறந்துவிட்டாலும், ஏன் சதையியையே எடுத்துவிட்டாலும் கூட, வலி முழுதாகப் போகாமல் இருக்கலாம். தாமதம் ஏன் ஆபத்தானது என்பதற்கு இதுவே விடை.

முதலில் என்ன செய்வார்கள்?

சத்திரசிகிச்சை முதல் நாளே செய்யும் விடயமல்ல. புகைத்தலையும் மதுவையும் நிறுத்துவது, கொழுப்பின் அளவை வைத்தியர் சொன்னபடி வைத்துக்கொள்வது, பரசிற்றமோலில் தொடங்கிப் படிப்படியாக வலி மாத்திரைகள், நரம்பு வலிக்கான பிரீகபாலின் போன்ற மருந்துகள், சமிபாட்டுக்கு நொதியக் கப்சூல்கள் என்றுதான் தொடங்கும். பலருக்கு இதுவே சில காலம் போதுமாக இருக்கும். ட்ரமடோல், மோர்பீன் வகை மருந்துகளுக்குப் போக வேண்டி வந்தால்தான் அபாய மணி அடிக்க வேண்டும். அவை வலியை அடக்கும், ஆனால் மலச்சிக்கல், குமட்டல், பழக்கம் என்று வேறு சுமைகளைக் கொண்டுவரும். நீண்ட காலப் பாவனையில் வலி உணர்வையே கூர்மையாக்கியும் விடும்.

அடுத்தது எண்டொஸ்கோபி வழி. வாயால் குழாயைச் செலுத்தி, முன்சிறுகுடலில் சதையிக் கான் திறக்கும் வாயைச் சற்று வெட்டி, ஒடுங்கிய இடத்தை விரித்து, ஸ்டென்ட் என்ற சிறு பிளாஸ்ரிக் குழாயை வைப்பார்கள். ஈ.ஆர்.சி.பி. என்று வார்டில் சொல்வது இதைத்தான். கல் பெரிதாக இருந்தால் சிறுநீரகக் கல்லை உடைப்பதைப் போல வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைத்த பின் எடுப்பார்கள். வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை, சில நாட்களில் வீட்டுக்குப் போகலாம். அதனால் நோயாளியும் குடும்பமும் இதையே விரும்புவது இயற்கை. ஓரிரு கற்கள், அதுவும் தலைப்பகுதியில் மட்டும், கான் ஓரிடத்தில் மட்டும் ஒடுக்கம் என்றிருப்பவர்களுக்கு இது நல்ல பலன் தரும். ஆனால் ஸ்டென்ட் அடைபடும், சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். "அடுத்த முறை சரியாகிவிடும்" என்று ஐந்து, ஆறு முறை போய்வருவதற்குள் இரண்டு, மூன்று வருடங்கள் ஓடிவிடும்.

எண்டொஸ்கோபியா, கத்தியா என்ற கேள்வியைச் சீட்டுக் குலுக்கும் முறையில் நோயாளிகளைப் பிரித்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2007இல் அம்ஸ்டர்டாம் வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வில் கான் விரிந்திருந்த 39 பேர் பங்குபற்றினர். இரண்டு வருட முடிவில் சத்திரசிகிச்சை பெற்றவர்களில் 75 சதவீதத்தினருக்கு வலி முழுமையாகவோ ஓரளவோ நீங்கியிருந்தது, எண்டொஸ்கோபி குழுவில் அது 32 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். அதே நோயாளிகளை ஐந்து வருடங்களுக்கு மேல் தொடர்ந்து பார்த்தபோது, எண்டொஸ்கோபி குழுவில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கடைசியில் சத்திரசிகிச்சைக்கே வந்திருந்தார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குக் கிடைத்த பலனோ முதலிலேயே செய்தவர்களின் அளவுக்கு இல்லை.

39 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்று நீங்கள் நினைப்பது நியாயம். 2020இல் நெதர்லாந்தில் 30 வைத்தியசாலைகள் சேர்ந்து 88 பேரில் செய்த மற்றுமோர் ஆய்வு வெளிவந்தது. இதில் கேள்வியே காலத்தைப் பற்றியது. மோர்பீன் வகை மருந்துகளை அண்மையில்தான் தொடங்கியவர்களைத் தெரிவு செய்து, ஒரு பாதிக்கு உடனேயே சத்திரசிகிச்சை செய்தார்கள். மறு பாதிக்கு மருந்து, பிறகு எண்டொஸ்கோபி, கடைசியில் தேவைப்பட்டால் சத்திரசிகிச்சை என்ற வழமையான ஏணி. 18 மாதங்களில், 100க்குக் கணக்கிடப்பட்ட வலிப் புள்ளி முதல் குழுவில் சராசரி 37, இரண்டாவதில் 49. வித்தியாசம் மலையளவு அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் முதல் குழுவினர் குறைந்த தடவைகளே சிகிச்சைக்கு உட்பட வேண்டியிருந்தது, இரு குழுவிலும் மரணம் எதுவும் நிகழவில்லை. இதற்கு முன் 2012இல், ஏற்கெனவே சத்திரசிகிச்சை பெற்ற 266 பேரின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், வலி தொடங்கி மூன்று வருடங்களுக்குள் செய்துகொண்டவர்களுக்கும், மோர்பீன் வகை மருந்துகளுக்குப் பழகாதவர்களுக்கும், ஐந்துக்கு மேல் எண்டொஸ்கோபி சிகிச்சைகள் செய்யப்படாதவர்களுக்கும் நல்ல பலன் கிடைத்திருப்பதைக் கண்டார்கள்.

எமக்கு அருகில் ஹைதராபாத்திலும் ஓர் ஆய்வு நடந்தது. கல்லை அதிர்வலையால் உடைத்து எண்டொஸ்கோபி செய்தவர்களையும், மயக்க மருந்து கொடுத்துச் செய்வதைப் போல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். மூன்று மாதங்களில் சிறிய வித்தியாசம் தெரிந்தது, ஆறு மாதங்களில் அதுவும் மறைந்துவிட்டது. இதை வைத்து எண்டொஸ்கோபி வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பலன் வராதபோது அதையே திரும்பத் திரும்பச் செய்வதில் அர்த்தமில்லை.

கத்தி என்ன செய்கிறது?

சத்திரசிகிச்சை என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒன்றல்ல. எந்த வகை என்பதை ஸ்கேன்தான் தீர்மானிக்கும். கான் எவ்வளவு விரிந்திருக்கிறது, தலைப்பகுதி வீங்கியிருக்கிறதா, பித்தக் கானும் முன்சிறுகுடலும் நசுங்குகின்றனவா, புற்றுநோய் என்ற சந்தேகம் இருக்கிறதா என்பவையே கேள்விகள்.

மீண்டும் அந்த வீதிக் கானுக்கு வருவோம். எண்டொஸ்கோபி என்பது ஒரு முனையால் கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பது. சத்திரசிகிச்சையோ கானின் மேல்மூடியை நீளத்துக்குக் கழற்றிவிடுவது. 1958இல் பியூஸ்டோ என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் இந்த எண்ணத்தை முன்வைத்தார். 1960இல் பார்டிங்டன், ரொச்செல் என்ற இருவர் அதை எளிமையாக்கினர். சதையியின் முன்புறத்தைக் கான் நெடுகத் திறந்து, கற்களை எல்லாம் எடுத்து, சிறுகுடலின் ஒரு துண்டைக் கொண்டுவந்து அந்தத் திறந்த கானின் விளிம்பெங்கும் தைத்துவிடுவார்கள். அதன் பின் சாறு அடைபட்ட பழைய வாயைத் தேடிப் போகத் தேவையில்லை, நேராகக் குடலுக்குள் வடியும். உறுப்பிலிருந்து எதையும் பெரிதாக வெட்டி எடுப்பதில்லை என்பதால் இன்சுலின் சுரப்பு உடனடியாகப் பாதிக்கப்படுவதில்லை. கான் ஆறு, ஏழு மில்லிமீற்றருக்கு மேல் விரிந்திருந்து, தலைப்பகுதி வீங்காமல் இருப்பவர்களுக்கு இது பொருத்தம்.

ஆனால் சிலருக்கு ஆரம்பத்தில் போன வலி சில வருடங்களில் திரும்பி வந்தது. காரணம் தலைப்பகுதி. அங்குள்ள தடித்த திசுவும் கெட்டுப்போன நரம்புகளும் சிறிய கிளைக் கான்களின் கற்களும் அப்படியே இருந்தன. 1972இல் ஜேர்மனியின் பேகர் தலைப்பகுதியின் பெரும் பாகத்தை, முன்சிறுகுடலைத் தொடாமல், எடுக்கும் முறையைத் தொடங்கினார். 1987இல் அமெரிக்காவின் ஃப்ரே இரண்டையும் இணைத்தார். தலைப்பகுதியை ஒரு கிண்ணத்தைப் போலக் குடைந்து எடுத்து, கானையும் நீளத்துக்குத் திறந்து, இரண்டின் மேலும் ஒரே குடல் துண்டைத் தைப்பது அவர் முறை. கற்கள் நிறைந்து கான் விரிந்து தலையும் வீங்கியிருக்கும் தென்னாசிய நோயாளிகளின் நிலைக்கு ஃப்ரே முறை அச்சில் வார்த்தது போலப் பொருந்துகிறது. தொழில்நுட்ப ரீதியில் பேகர் முறையை விட இது இலகுவும் கூட.

விப்பிள் என்ற பெயரையும் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சதையியின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக் கானின் ஒரு பகுதி என்பவற்றை ஒன்றாக எடுத்து மூன்று இடங்களில் மீண்டும் இணைக்கும் பெரிய சத்திரசிகிச்சை அது. புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் இதுவே தெரிவு. ஐரோப்பாவின் 18 வைத்தியசாலைகளில் 250 பேரைக் கொண்டு நடந்து 2017இல் வெளியான ஆய்வில், விப்பிளுக்கும் முன்சிறுகுடலைக் காக்கும் முறைகளுக்கும் இடையில் இரண்டு வருட வாழ்க்கைத் தரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆகவே "எந்த முறை சிறந்தது" என்று கூகுளில் தேடி நிபுணரோடு வாதாடுவதை விட, அவர் எந்த முறையை அதிகம் செய்திருக்கிறார் என்று கேட்பது புத்திசாலித்தனம்.

நோய் வால்பகுதியில் மட்டும் இருந்தால் அதை மட்டும் எடுப்பார்கள். அப்போது மண்ணீரலும் சேர்ந்து போகக்கூடும், அதற்கு முன்கூட்டியே சில தடுப்பூசிகள் போட வேண்டும். கான் விரியாமல், உறுப்பு முழுதும் இறுகிப்போனவர்களின் நிலைதான் கடினம். அவர்களில் சிலருக்கு முழுச் சதையியையும் எடுத்து, அதிலிருந்து இன்சுலின் சுரக்கும் கலங்களைப் பிரித்து, நோயாளியின் ஈரலுக்கே செலுத்தும் முறை 1977இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. விசேட ஆய்வுகூடம் தேவைப்படும் இது உலகில் சில நிலையங்களில் மட்டுமே நடக்கிறது.

பலனைச் சரியாகச் சொல்வதானால், தகுந்த நோயாளியைத் தெரிவு செய்து தகுந்த முறையைச் செய்தால் நான்கு பேரில் மூன்று பேருக்கு, சில இடங்களில் அதற்கும் மேல், வலி பெருமளவு குறைகிறது. மீதிப் பேருக்குக் குறையாமலும் இருக்கலாம். அனுபவமுள்ள இடங்களில் உயிராபத்து நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவுதான். ஆனால் தையலால் சாறு கசிவது, இரத்தப்போக்கு, தொற்று, இரைப்பை மெதுவாக இயங்குவது போன்ற சிக்கல்கள் அதை விட அதிகம் பேருக்கு வரும், அதற்காகவே ஒன்று, இரண்டு வாரம் வார்டில் வைத்திருப்பார்கள். ஏற்கெனவே வந்த சீனி வருத்தம் இதனால் குணமாகாது. இல்லாதவருக்கும் நோய் முன்னேறும்போது பின்னொரு காலத்தில் வரலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், "ஒபரேஷன் செய்ததால்தான் சீனி வந்தது" என்று ஊரில் கதை பரவி அடுத்த நோயாளியைப் பயமுறுத்தும்.

நொதியக் கப்சூலும் ஹலால் கேள்வியும்

சத்திரசிகிச்சைக்குப் பின்னும் பெரும்பாலானோருக்கு நொதியக் கப்சூல் தேவைப்படும். கிரியோன் போன்ற இந்தக் கப்சூல்கள் பன்றியின் சதையியிலிருந்து எடுக்கப்படுபவை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நோயாளி எங்கோ வாசித்து அறிந்து, யாரிடமும் கேட்காமல், வெட்கத்தில் வைத்தியரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார். பிறகு கொழுப்பும் கொழுப்பில் கரையும் விற்றமின்களும் உடலில் சேராமல், எலும்பும் தோலுமாகத் திரும்பி வருகிறார். சத்திரசிகிச்சை தோற்றுவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

இதைத் திறந்து பேச வேண்டும். நுண்ணுயிர்களிலிருந்து பெறும் நொதிய மாத்திரைகள் சந்தையில் இருந்தாலும், அவை இதற்கு நிகரானவை என்று நிறுவப்படவில்லை. வேறு வழியில்லாத நிர்ப்பந்த நிலையில் விலக்கப்பட்டது அனுமதிக்கப்படும் என்ற ளரூரத் விதி எமக்குப் புதிதல்ல. உங்களுடைய நிலை அதற்குள் வருகிறதா என்பதை வைத்தியரின் விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆலிம் ஒருவரிடம், அல்லது அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் பத்வாப் பிரிவிடம் கேளுங்கள். மாற்று உண்டா, எடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்ற இரண்டையும் வைத்தியரிடம் எழுதி வாங்கிச் சென்றால் பதில் சொல்பவருக்கும் இலகு. சத்திரசிகிச்சைக்குப் பின் இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் எனொக்சபரின் ஊசியும் பன்றியின் குடலிலிருந்து பெறப்படுவதே. அதற்கு பொன்டபரினக்ஸ் என்ற செயற்கை மாற்று இருக்கிறது. உங்களுக்குப் பொருந்துமா என்று முன்கூட்டிக் கேட்கலாம், சத்திரசிகிச்சை அறைக்குள் போகும் நேரத்தில் அல்ல.

கப்சூலை எடுப்பவர்களும் பலர் பிழையாகத்தான் எடுக்கிறார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ பின்போ அல்ல, சாப்பாட்டோடு சேர்த்து எடுக்க வேண்டும். பிரதான சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 அலகு, சிறு சாப்பாட்டுக்கு அதில் பாதி என்பதே வழமையான ஆரம்ப அளவு. ரமழானில் இப்தாருக்கும் ஸஹருக்கும் அதே விதி. ஆனால் சதையி கெட்டு வந்த நீரிழிவு, சாதாரண சீனி வருத்தத்தைப் போன்றதல்ல. இன்சுலினோடு சேர்ந்து, சீனியை ஏற்றும் ஓமோனும் குறைந்திருப்பதால் சீனி சடுதியாக இறங்கிவிடும். இன்சுலின் போடுபவர் நோன்பு பிடிப்பதை ஷஃபான் மாதத்திலேயே வைத்தியரிடம் பேசித் தீர்மானிக்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

எங்கே போவது, என்ன கேட்பது?

இப்படியான நோயாளிகளுக்காக முகநூலில் பண உதவி கோரி, இந்தியாவுக்கு அனுப்ப வேண்டும் என்று பதிவிடுவதை அடிக்கடி காண்கிறோம். நோக்கம் நல்லதுதான். ஆனால் சதையி, ஈரல் சத்திரசிகிச்சையில் விசேட பயிற்சி பெற்ற நிபுணர்கள் எமது அரச வைத்தியசாலைகளிலேயே இருக்கிறார்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையும், ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை வரை செய்யும் ராகம போதனா வைத்தியசாலையும் உதாரணம். சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. கல்முனையிலிருந்தோ மூதூரிலிருந்தோ புத்தளத்திலிருந்தோ வருபவருக்கு உண்மையில் பாரமாவது போக்குவரத்து, துணைக்கு வருபவரின் தங்குமிடம், வெளியில் எடுக்கச் சொல்லும் ஸ்கேன், மாதாமாதம் கப்சூல் வாங்கும் செலவு. பள்ளிவாசல்களின் ஸகாத் நிதியங்கள் உதவ விரும்பினால் அங்குதான் தேவை இருக்கிறது.

உங்கள் பிரதேச வைத்தியசாலையின் வைத்தியரிடம் நேரடியாகக் கேட்கக்கூடிய கேள்வி இது: "என் சதையிக் கான் எத்தனை மில்லிமீற்றர், தலைப்பகுதி வீங்கியிருக்கிறதா, என்னை ஒரு சத்திரசிகிச்சை நிபுணரும் இப்போதே பார்ப்பது நல்லதல்லவா?" சீ.ரி. ஸ்கேனிலும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனிலும் இதற்கு விடை இருக்கும். நிபுணரைப் பார்ப்பது சத்திரசிகிச்சைக்குச் சம்மதிப்பதாகாது. எண்டொஸ்கோபி வைத்தியரும் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒன்றாக இருந்து ஒரே ஸ்கேனைப் பார்த்து முடிவெடுப்பதே சிறந்தது. வலி மருந்தின் அளவு ஏறிக்கொண்டே போகிறது, வேலைக்கோ பாடசாலைக்கோ போக முடியவில்லை, இரண்டு மூன்று ஸ்டென்ட் வைத்தும் வலி திரும்புகிறது என்றால் இந்தக் கேள்வியை இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய ஸ்கேன் படங்கள், டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்திருங்கள். நோயியல் நிபுணர் வெட்டியெடுத்த திசுவைப் பரிசோதித்து அனுப்பும் அறிக்கையை மறக்காமல் கேட்டு வாங்கி அதே உறையில் போடுங்கள். நாள்பட்ட சதையி அழற்சி உள்ளவர்களுக்குச் சதையிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம், அதிலும் சிறு வயதில் நோய் தொடங்கியவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் மேலும் அதிகம். சத்திரசிகிச்சை முடிந்து வருடக்கணக்கில் சுகமாக இருந்த ஒருவருக்குப் புதிதாக முதுகு வலி தொடங்கினாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, அது பழைய வலிதான் என்று ட்ரமடோல் விழுங்கிக் காத்திருக்காமல் அந்த உறையை எடுத்துக்கொண்டு உடனே கிளினிக்குக்குத் திரும்ப வேண்டும்.